மறு: மஸ்கி மீன்பிடிச் சொற்கள் – படகோரத்தில் போடும் எட்டுக்கு என்ன பெயர்?

குழுவில் அனைவருக்கும் வணக்கம். வட அமெரிக்க ஏரிகளில் வாழும் பெரிய வேட்டை மீனான மஸ்கியைப் பிடிப்பதற்கு நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில், படகோரத்தில் இரையை எட்டு வடிவில் இழுப்பதற்கு வந்த முன்மொழிவு பற்றி எழுதுகிறேன்.

> ‘எண்வடிவச் சுழற்சி’ பொருளும் பிசகாமல் புணர்ச்சியும் கெடாமல் வருகிறது. இதையே இறுதியாக்கலாம் என்பது என் கருத்து.

ஐயா, சொல் நன்றாகத்தான் அமைந்திருக்கிறது. அதை யார், எங்கே, எந்த நேரத்தில் சொல்லப்போகிறார்கள் என்பதுதான் என் தயக்கம். நான் கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். கவார்த்தா ஏரிகளுக்கு மஸ்கி பிடிக்கப் போகிறவன். இந்த மீன்பிடியை அங்குள்ள வழிகாட்டிகளோடு படகில் நின்றுதான் கற்றுக்கொண்டேன். அவர்கள் எதை எப்படிக் கற்றுத் தருகிறார்கள் என்று சொன்னால் சொல்லைத் தேர்ந்தெடுக்க உதவும் என்று நினைக்கிறேன்.

மஸ்கிக்கு ஒரு குணம் உண்டு. பொய்யிரையை, அதாவது தூண்டிலில் கட்டிய செயற்கை இரையைக் கண்டதும் பாய்ந்து கவ்வாமல், பல நேரம் அதன் பின்னாலேயே படகு வரைக்கும் வரும். மூன்றரை அடி, நான்கடி நீளமுள்ள மீன், இரைக்கு ஒரு சாண் பின்னால், துடுப்புகள் அசைவதுகூடத் தெரியாமல் வந்துகொண்டிருக்கும். இரை படகருகே வந்ததும் பழகாதவர் அதைத் தூக்கி மறுபடி வீசப் பார்ப்பார். மீன் அத்தோடு போய்விடும். இரை நின்றுவிட்டாலும் போய்விடும். அதனால் வீச்சு முடிகிற இடத்தில் இரையை வெளியே எடுக்காமல், தூண்டில் கோலின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, நுனியிலிருந்து ஓரடி ஒன்றரை அடி நரம்பு மட்டும் விட்டு, படகோரத்திலேயே அகலமாக எட்டு வடிவில் இரையை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். படகுக்கு வந்த மஸ்கிகளில் பல இப்படிக் காலடியில் கவ்வியவைதான்.

வழிகாட்டி புதியவரிடம் முதலில் திருத்துவது வளைவின் அளவை. எல்லோரும் சின்னதாகத்தான் போடுவார்கள். உடம்பு நீளமான மீன், குறுகலான வளைவில் திரும்ப முடியாமல் இரையைத் தவறவிட்டுவிடும். எட்டரை அடி, ஒன்பது அடிக் கோல்களை இதற்கு விரும்புவது தொலைவாக வீசுவதற்காக மட்டுமல்ல, எட்டை அகலமாகப் போடுவதற்காகவும்தான். அப்புறம் ஆழம். நேர் ஓட்டத்தில் இரையைக் கீழே இறக்கு, வளைவில் வேகத்தைக் கூட்டி மேலே கொண்டுவா என்பார்கள். இரை திசை மாறி வேகமெடுக்கும் அந்த இடத்தில்தான் பெரும்பாலும் கவ்வும். இன்னொன்றையும் விடாமல் சொல்வார்கள்: மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் எட்டு போட வேண்டும். கலங்கல் தண்ணீரிலும் இரவிலும் ஆழத்தில் வருகிற மீன் கண்ணில் படாது. பிற்பகலில் தோள் வலிக்க ஆரம்பித்ததும் இதை விட்டுவிடத் தோன்றும். நல்ல வழிகாட்டி விடமாட்டார். அவருடைய கண் நம் இரை மேலேயே இருக்கும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். மீன் இரைக்குப் பின்னால் தெரிந்துவிட்டது. கோலைப் பிடித்திருப்பவர் திகைத்துப்போய்க் கையை நிறுத்தப் போகிறார். வழிகாட்டிக்கு இருப்பது இரண்டு மூன்று நொடி. ‘எண்வடிவச் சுழற்சி செய்யுங்கள்’ என்று சொல்லி முடிப்பதற்குள் மீன் ஆழத்துக்குப் போயிருக்கும். ‘எட்டு போடு!’ என்று கத்தினால் கை தானாக நகரும். தமிழ்நாட்டில் இருசக்கர வண்டி ஓட்ட உரிமம் வாங்கிய எவரும் இதைக் கேட்டவர்தான். ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போடும்போதும் இதே பாடம்தானே: கால் ஊன்றாதே, நிறுத்தாதே, அகலமாக வளை. கைக்குப் பழகிய வினை நம்மிடமே இருக்கும்போது புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டியதில்லை. வினை ‘எட்டு போடுதல்’, பட்டியலில் ஏறும் பெயர் ‘படகோர எட்டு’ என்று முன்மொழிகிறேன். ‘படகோர’ என்பதை ஒட்டுவதற்குக் காரணம் உண்டு. செயின்ட் கிளேர் ஏரி போன்ற இடங்களில் படகை ஓட்டிக்கொண்டே இரைகளைப் பின்னால் இழுத்தும் மஸ்கி பிடிப்பார்கள். அந்த முறையில் எட்டுக்கு வேலை இல்லை.

> மீன் பின்னால் வருவதற்குத் ‘துரத்தல்’ போதுமே? எளிய சொல், எல்லோருக்கும் தெரிந்தது.

துரத்தல் வேண்டாம் என்பேன். துரத்துகிற மீன் கவ்வத் துடிக்கிற மீன். மஸ்கி பல சமயம் பார்க்க மட்டுமே வருகிறது. ‘பின்தொடர்தல்’ பொருளில் சரி, ஆனால் அதை எண்ண முடியாது. மஸ்கிக்காரர்கள் இதை எண்ணிக் கணக்கு வைப்பவர்கள். சாயங்காலம் கரையேறியதும் எத்தனை மீன் என்று கேட்டுவிட்டு, எத்தனை பின்னால் வந்தது என்று அடுத்த கேள்வி கேட்பார்கள். மீன் கிடைக்காத நாளுக்கும் அதுதான் மதிப்பெண். அதனால் எண் ஏற்கும் பெயர்ச்சொல்லாக ‘பின்வரவு’ வேண்டும். ‘மீன் இல்லை, பின்வரவு மூன்று’ என்று இயல்பாகச் சொல்லலாம். அதிலும் இரண்டு வகை உண்டு. ஆழத்தில், இரையை விட்டுத் தள்ளி, அக்கறையில்லாமல் வருவது ஒன்று. இரையின் வாலை முட்டிக்கொண்டு விறைப்பாக வருவது மற்றொன்று. வழிகாட்டி இதைப் பார்த்துத்தான் அடுத்த முடிவை எடுப்பார். முதலாவதற்குச் ‘சோம்பல் வரவு’, இரண்டாவதற்கு ‘வெறி வரவு’ என்று வைக்கலாமா?

திரும்பிப் போன மீனை அவர்கள் விட்டுவிடுவதும் இல்லை. பாசி விளிம்பில் எந்த இடம் என்று ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்வார்கள். வெயில் தாழும்போதோ, நிலா எழும் நேரத்திலோ, மழை திரண்டு வருவதற்குச் சற்று முன்போ அதே இடத்துக்கு அமைதியாகப் படகை மிதக்கவிட்டு வருவார்கள். எனக்கு வழிகாட்டியிடம் கற்றதில் மிகப் பெரியது இந்தப் பொறுமைதான். ஏரி முழுக்க அலைவதைவிட, ஒரு மீன் இருக்கிற இடம் தெரிந்து அதன் நேரத்துக்காகத் திரும்பி வருவது.

மீனின் பெயருக்கு ‘நன்னீர்ச் சீலா’ என்று ஒரு முன்மொழிவு வந்திருந்தது. உருவம் நீளம், பல் கூர்மை என்பது தவிர இரண்டுக்கும் உறவு கிடையாது. சீலா கடல் மீன், வேறு குடும்பம். மஸ்கியோ பைக் (pike) என்ற நன்னீர் மீன்களின் குடும்பம். பெயர் வட அமெரிக்கப் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்களின் மொழியிலிருந்து வந்தது. அந்த ஏரிக்கரைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் வைத்த பெயர். அதை மாற்ற நமக்கு என்ன தேவை? ‘மஸ்கி’ அப்படியே இருக்கட்டும்.

– ஸ்கார்பரோவிலிருந்து

———

மறுமொழி

அண்ணா, வணக்கம். நான் செங்கல்பட்டுப் பக்கம் ஏரிகளில் விரால் பிடிக்கிறவன். ரப்பர் தவளையை வீசித்தான் பிடிக்கிறோம், அதனால் உங்கள் மடல் நன்றாகப் பிடிபட்டது. இங்கே எல்லோரும் ‘லூர்’ என்றுதான் சொல்கிறோம். ‘பொய்யிரை’ எழுத்தில் நன்றாக இருக்கிறது, பேச்சிலும் வருமா என்று பார்க்க வேண்டும்.

எனக்கு இரண்டு கேள்வி.

> பட்டியலில் ஏறும் பெயர் ‘படகோர எட்டு’

வீடியோக்களில் பார்த்தால் பெரிய ஆட்கள் பலர் எட்டே போடுவதில்லை. நீள்வட்டமாக ஒரே பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். சிலர் ஒரு முறை மடக்கி இழுப்பதோடு சரி. அப்படியானால் ‘எட்டு’ என்பது தவறான பெயராகிவிடாதா? ‘படகோரச் சுற்று’ என்றால் எல்லாம் அடங்குமே. தமிழ் எண்ணில் எட்டு என்பது ௮ என்று எழுதப்படும், அதில் இந்த வடிவமே இல்லை என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அதையும் பதிவு செய்கிறேன்.

அடுத்தது, பட்டியலில் ஏற்கெனவே ஏறியிருக்கிற ‘பிடித்துவிடுதல்’. மீனைப் பிடித்துத் திரும்ப ஏரியில் விடுவதற்கு வைத்த சொல். இங்கே ஒருவரிடம் ‘மீனைப் பிடித்துவிட்டேன்’ என்றால் குழம்புக்கு மசாலா அரைக்கப் போய்விடுவார்.

———

மறுமொழி

தம்பி, இரண்டும் சரியான கேள்வி. இரண்டாவது, குழு உடனே கவனிக்க வேண்டியது.

முதலில் எட்டு. நீங்கள் பார்த்தது உண்மைதான். மீன் பெரியதாக இருந்தால் அனுபவசாலிகள் எட்டின் நடுக்குறுக்கைத் தவிர்த்து நீள்வட்டமாகவே போடுவார்கள், அதில் வளைவு இன்னும் அகலமாகக் கிடைக்கிறது. ஆனால் நீள்வட்டம் போடும்போதும் அவர்கள் வாயில் வருவது எட்டு என்ற சொல்தான். படகோரத்தில் செய்கிற எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக உங்கள் ‘படகோரச் சுற்று’ இருக்கட்டும். அதன் கீழே எட்டு, நீள்வட்டம், ஒரு முறை மட்டும் திருப்பும் ‘மடக்கு’ மூன்றும் வரட்டும். கத்துவதற்கு மட்டும் ‘எட்டு போடு’ என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ௮ பற்றி: வண்டிக்கு எட்டு போடுகிறவர் யாரும் ௮ வடிவில் ஓட்டுவதில்லை, அந்த வழக்கு நம்மிடம் நிலைத்துவிட்டது. நண்பரிடம் சொல்லுங்கள்.

இனி ‘பிடித்துவிடுதல்’. தமிழில் ‘விடு’ துணைவினையாக ஒட்டினால் செயல் முடிந்தது என்று பொருள் வந்துவிடும். இடைவெளி விட்டு எழுதினாலும் காதில் ஒன்றாகத்தான் விழும். மஸ்கி விஷயத்தில் இந்தக் குழப்பம் இருக்கவே கூடாது. ஏனென்றால் அந்த மீன்பிடியின் உயிரே திரும்ப விடுவதில் இருக்கிறது.

எப்போதும் அப்படி இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஹேவர்ட் ஊர்ப் பக்கம் 1949இல் பிடித்த இரண்டு மீன்கள்தான் இன்றும் உலகச் சாதனைக்குப் போட்டியிடுகின்றன. லூயி ஸ்ப்ரே பிடித்தது 69 பவுண்டு 11 அவுன்ஸ், கேல் ஜான்சன் பிடித்தது 67 பவுண்டு 8 அவுன்ஸ். ஹேவர்டில் உள்ள நன்னீர் மீன்பிடி அருங்காட்சியகம் முதலாவதை ஏற்கிறது, சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் இரண்டாவதை ஏற்கிறது. அந்தக் காலத்தில் பெரிய மஸ்கியைப் படகருகே கொண்டுவந்து துப்பாக்கியால் சுட்டு ஏற்றுவது சாதாரணம். 1966இல் மினசோட்டாவில் கில் ஹாம் தொடங்கிய மஸ்கீஸ் இன்க் போன்ற அமைப்புகள் திரும்ப விடும் பழக்கத்தைப் பரப்பின. இன்று எந்த நல்ல வழிகாட்டியோடு போனாலும், தூண்டிலைக் கையில் கொடுப்பதற்கு முன்பே கருவிகளைக் காட்டுவார்: ரப்பர் பூசிய பெரிய வலை, நீளமூக்குக் குறடு, முள் வெட்டும் கத்தரி.

மீன் வலைக்குள் வந்ததும் அதைப் படகுக்குள் தூக்குவதில்லை. வலையோடு தண்ணீரிலேயே வைத்து, முள் ஆழமாக ஏறியிருந்தால் பிடுங்கப் போராடாமல் வெட்டிவிடுவார்கள். முள்ளைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். ஐம்பது அங்குலம் வளர்ந்த பெட்டை மீன் அனேகமாகப் பதினைந்து வயதைத் தாண்டியிருக்கும், அதை வாங்க முடியாது. படம் எடுப்பதாக இருந்தால் எல்லாம் தயாரான பிறகே தூக்க வேண்டும், அதுவும் கிடைமட்டமாக, வயிற்றுக்குக் கை கொடுத்து, சில நொடிகள் மட்டும். தாடையில் தொங்கவிடக் கூடாது. கோடையில் தண்ணீர் 27 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பலர் மஸ்கி பிடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். சூடான தண்ணீரில் போராடிய மீன் நீந்திப் போனாலும் பிறகு செத்துவிடக் கூடும். வாடிக்கையாளரின் பணம் போகிறதே என்று பார்க்காமல், இன்றைக்கு வேறு மீன் பிடிப்போம் என்று சொல்கிற வழிகாட்டியிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இதற்கு ‘மீளவிடுதல்’ என்று முன்மொழிகிறேன். ‘நாற்பது அங்குல மஸ்கி, மீளவிட்டேன்’ என்றால் ஐயத்துக்கு இடமில்லை. மீனைத் தண்ணீரை விட்டு எடுக்காமலே விடுவதை ‘நீரிலேயே மீளவிடுதல்’ என்று விரித்துக்கொள்ளலாம்.

பட்டியல் பொறுப்பாளருக்கு ஒரு வேண்டுகோள்: ‘பிடித்துவிடுதல்’ பதிவை நீக்கிவிட்டு இதை ஏற்றுங்கள். படகோரச் சுற்று, படகோர எட்டு, மடக்கு, பின்வரவு ஆகியவற்றை விவாதத்தில் உள்ளவை என்று குறித்து வையுங்கள். சோம்பல் வரவு, வெறி வரவு பற்றி யாரும் இன்னும் கருத்துச் சொல்லவில்லை.

வலை பிடிப்பவருக்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது. மஸ்கிப் படகில் அவர் வேலை பெரியது. எப்போது வலையை இறக்குவது என்று தெரியாமல் அவசரப்பட்டால் மீன் போய்விடும், முள் வலையில் மாட்டினால் மீனுக்குக் காயம். ‘வலைக்காரர்’ என்றால் தொழில் மீனவரைக் குறித்துவிடும். ‘வலைத்துணை’ என்று எனக்குத் தோன்றுகிறது. இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

– ஸ்கார்பரோவிலிருந்து