ரோட்ரிக்ஸ்: தாமதமாக ஜெயித்தவரா, கடைசிவரை ஏமாற்றப்பட்டவரா?

பொருநைக்கரை:
சிக்ஸ்டோ ரோட்ரிக்ஸைத் தெரியாதவர்களுக்காக முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1942-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில், மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில் ஆறாவது பிள்ளையாகப் பிறந்தவர். கார் தொழிற்சாலைகளின் ஊர் அது. மதுக்கடைகளில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தானே எழுதிய பாட்டுகளை கிட்டாரோடு பாடுவார். முதல் ஆல்பம் 'கோல்ட் ஃபேக்ட்' 1970-ல் வந்தது, அடுத்த ஆண்டு 'கமிங் ஃப்ரம் ரியாலிட்டி'. அமெரிக்காவில் இரண்டும் விலைபோகவில்லை. இசைத்தட்டுக் கம்பெனி கைவிட்டது, 1975-ல் அந்தக் கம்பெனியும் மூடப்பட்டது. அவர் பழைய கட்டடம் இடிக்கும் வேலைக்குப் போனார். ஆனால் அதே பாட்டுகளைத் தென்னாப்பிரிக்காவில் ஒரு தலைமுறையே மனப்பாடமாகப் பாடிக்கொண்டிருந்தது. மேடையிலேயே தற்கொலை செய்துகொண்டார் என்று அங்கே வதந்தி. ரசிகர்கள் தேடிக் கண்டுபிடித்து, 1998-ல் அங்கே போய்ப் பாடினார். 2012-ல் அவரைப் பற்றிய ஆவணப்படம் 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' வந்தது, 2013-ல் அதற்கு ஆஸ்கர். 2023 ஆகஸ்டில் 81 வயதில் காலமானார்.

நான் சொல்வது ஒன்றுதான். அவர் ஜெயித்தவர். கடல் தாண்டி, ஆள் போகாத இடத்துக்கு அவர் பாட்டு தானாகப் போய்ச் சேர்ந்தது. நம் நெல்லைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் வில்லுப்பாட்டு (வில்லடித்துச் சாமி கதை பாடுவது), கணியான் கூத்து என்று ராத்திரி முழுக்கத் தொண்டை கிழியப் பாடுகிறவர்களுக்கு இதைவிட நம்பிக்கை தரும் வாழ்க்கை எனக்குத் தெரியவில்லை.

வீசுகோல்:
அண்ணாச்சி, பாட்டு போய்ச் சேர்ந்தது சரி. பணம் எங்கே போய்ச் சேர்ந்தது? தென்னாப்பிரிக்காவில் ஐந்து லட்சம் தட்டுகள் வரை விற்றிருக்கும் என்று அந்தப் படத்திலேயே சொல்கிறார்கள். அங்கே வெளியிட்டவர்கள், "பணத்தை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டோம்" என்கிறார்கள். அமெரிக்காவில் கம்பெனி நடத்தியவரிடம் கேட்டால் கோபம் வருகிறது. அந்த வருஷங்களில் பாடினவர் சுத்தியலும் கையுமாகச் சுவர் இடித்துக்கொண்டிருந்தார். இதை ஜெயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் அப்பா வில்லிசைக் குழுவில் குடம் அடித்தவர். ஒரு கையில் பத்தி என்கிற அடிமட்டை, குடத்தின் வாயில் அது விழும்போது வயிற்றுக்குள் கேட்கும். இன்னொரு கையில் காசு, அதைக் குடத்தின் உடம்பில் தட்டித் தாளம் எடுப்பார். கொடை என்றால் எங்கள் பக்கம் கோயில் திருவிழா; சாமியை அழைக்கும் குடியழைப்பில் தொடங்கினால் நடுராத்திரிச் சாமக்கொடை முடியும்வரை உட்கார்ந்த இடம் மாறாது. ஒரு கொடையில் ஒருவர் வந்து டேப்பில் பதிந்துகொண்டு போனார். அடுத்த வருஷம் அது கேசட்டாகப் பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கியது. அட்டையில் சாமி படம், கேசட் கம்பெனி பெயர். பாடினவர்களில் ஒருத்தர் பெயரும் இல்லை. இன்றைக்கு அதே ஒலி யூடியூபில் ஓடுகிறது, முன்னாலும் பின்னாலும் விளம்பரத்தோடு. அப்பா அதிலிருந்து ஒரு டீ குடித்ததில்லை.

ஆலங்குளத்தான்:
தம்பி, உங்கள் அப்பாவுக்கு நடந்தது அநியாயம், அதில் எனக்கு மறுப்பே கிடையாது. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி. ரோட்ரிக்ஸின் 'சுகர் மேன்' பாட்டை அரசு வானொலியில் போடத் தடை. தடையை மீறிப் பாட்டைக் காப்பாற்றியது யார்? ஒரு கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்குப் பதிந்து கைமாற்றிய பையன்கள். அவர்கள் ஒவ்வொருவரும் அனுமதிக் கடிதம் எழுதிக் காத்திருந்தால் 1998 வந்தே இருக்காது.

நம்மூரிலும் அதே கதைதான். தாராவியில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் கொடைக்கு வர முடியாத வருஷங்களில் சுடலைமாடன் கதையைக் கேட்டது அந்தக் கேசட்டில்தான். அதைக் கேட்டுவிட்டு, "இந்தச் செட்டையே (குழுவையே) பேசி முடி" என்று மும்பையிலிருந்து தகவல் அனுப்பியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஒலி பரவினால்தான் அட்வான்ஸ் வரும்.

கடையத்துக்காரி:
படம் சொன்ன கதையை வைத்துக்கொண்டே நீங்கள் மூன்று பேரும் சண்டை போடுகிறீர்கள். படம் விட்டுவிட்டதையும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா? ரோட்ரிக்ஸ் 1979-லும் 1981-லும் ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம் போயிருக்கிறார். அங்கே எழுபதுகளிலேயே வானொலியில் அவர் பாட்டு போட்டார்கள். பாட்டுகளைத் தொகுத்துத் தனி ஆல்பமும் வந்தது. பெரிய கூட்டத்துக்கு முன்னால் பாடியவர்தான். படத்தில் இது கிடையாது. முப்பது வருஷம் ஒருவருக்கும் தெரியாமல் கிடந்தார், திடீரென்று கதவு திறந்தது என்று காட்டினால்தானே நமக்குக் கண் கலங்கும்.

இன்னொன்று. அவரை "பாவம்" என்று பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. உடல் உழைப்பில் பிள்ளைகளை வளர்த்தார், 1981-ல் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துப் பட்டம் வாங்கினார், நகரத் தேர்தல்களில் நின்றார். ஆஸ்கர் மேடைக்குப் போகவில்லை. பேர் வந்த பிறகும் அதே பழைய வீட்டில்தான் இருந்தார். கண் பார்வை மங்கிய பிறகும் மேடை ஏறிப் பாடினார். தன் வாழ்க்கையை எப்படி நடத்துவது என்று தெரிந்த மனிதர் அவர்.

பொருநைக்கரை:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், அக்கா. பணத்தை மட்டும் வைத்து அளந்தால் அந்த மனிதர் பிடிபடமாட்டார்.

வீசுகோல்:
அக்கா, அவர் கம்பீரமாக வாழ்ந்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கம்பீரத்தைக் காட்டியே அவருக்கு வர வேண்டிய காசைப் பேசாமல் விடுகிறோம். "அவருக்குப் பணம் பெரிசில்லை" என்று சொல்ல வேண்டியது அவர். பணத்தை வைத்திருந்தவர்கள் சொல்லக் கூடாது. பழைய இசைத்தட்டுகளில் சில பாட்டுகளுக்கு எழுதியவர் பெயர் வேறுவிதமாகப் போடப்பட்டிருந்தது. படம் வந்த பிறகு அந்த உரிமை யாருக்கு என்று கோர்ட்டு வரைக்கும் போனது. ஜெயித்தவர் கதையில் இவ்வளவு வழக்கு எதற்கு?

ஆலங்குளத்து அண்ணாச்சி, கேசட்டைக் கைமாற்றின பையன்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அவர்கள் விற்கவில்லை. விற்றவர்களைத்தான் கேட்கிறேன். நம் நாட்டில் 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. 1994 திருத்தத்தில் மேடையில் பாடுகிறவருக்கும் தனி உரிமை வந்தது. அவர் சம்மதம் இல்லாமல் பதிவு செய்யக் கூடாது. 2012 திருத்தம், அந்தப் பதிவை வைத்துச் சம்பாதித்தால் பாடினவருக்கும் பங்கு உண்டு என்கிறது. ஐம்பது வருஷம் வரை அந்த உரிமை நிற்கும். எந்தக் கொடையில், எந்தச் செட்டுக்கு இது தெரியும்?

பொருநைக்கரை:
சட்டம் இருக்கட்டும். சுப்பு ஆறுமுகம் ஐயாவைப் பாருங்கள். நம் சத்திரம்புதுக்குளத்தில் 1928-ல் பிறந்தவர். வில்லைக் கையில் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனார், காந்தி கதையை வில்லில் பாடினார், 2021-ல் பத்மஸ்ரீ. எந்த ஒப்பந்தமும் அவரை உயர்த்தவில்லை. திறமைதான் தூக்கியது.

வீசுகோல்:
அவர் சென்னை போனார், அண்ணாச்சி. அங்கே என்.எஸ்.கிருஷ்ணன் போன்றவரின் துணை கிடைத்தது, வானொலி கிடைத்தது. அவருக்கு என் கும்பிடு. ஊரிலேயே இருந்து இசக்கியம்மன் கோயில் திடலில் பாடினவர்களுக்குத் திறமை குறைவா? ஐம்பதாயிரம் பேருக்கு வராத வாய்ப்பு ஒருவருக்கு வந்தால், அதை வைத்து மற்றவர்களிடம் "பொறுத்திரு" என்று எப்படிச் சொல்வது?

ஆலங்குளத்தான்:
அடிப்படையான சிக்கல் ஒன்று இருக்கிறது. ரோட்ரிக்ஸ் பாடியது பெரும்பாலும் அவரே எழுதினது. சுடலைமாடன் கதை யாருடையது? முத்தாரம்மன் கதை யாருடையது? ஏட்டிலும் வாயிலும் வந்தது. எல்லாருக்கும் பொதுவானதற்கு ஒருவர் உரிமை கேட்டால், நாளைக்கு இன்னொரு செட்டு அந்தக் கதையைப் பாட முடியாமல் போகும். அதுதான் எனக்குப் பயம்.

கடையத்துக்காரி:
அந்தப் பயம் தேவையில்லை, அண்ணாச்சி. கதை பொது, அதில் யாரும் கை வைக்க முடியாது. அந்த ராத்திரி அந்தப் புலவர், அதாவது கதையை முன்னின்று பாடுகிறவர், அதைப் பாடிய விதமும், பின்பாட்டுக்காரர் ஆமாம் போட்ட இடமும், உடுக்கு ஏறி இறங்கியதும் பொது கிடையாது. உரிமை அந்தப் பதிவுக்குத்தான். எனக்கு வேறு சந்தேகம். ஒரு குழுவில் ஐந்தாறு பேர். காசு வந்தால் புலவர் ஒருவரோடு நின்றுவிடாமல் குடக்காரருக்கும் போகும் என்று யார் பார்ப்பது? ரோட்ரிக்ஸ் தனி ஆள், அவருக்கே இந்தப் பாடு.

வீசுகோல்:
அதற்கும் சேர்த்து எழுதித்தான் ஆக வேண்டும். எங்கள் பக்கத்துக் குழுக்கள் சிலவற்றோடு பேசி, இந்த ஆடிக் கொடைக்கு அட்வான்ஸ் வாங்கும்போதே தாளில் இப்படி ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: "ஒலி அல்லது ஒளிப் பதிவு செய்து வெளியிடுவதாக இருந்தால் குழுவினர் அனைவர் பெயரும் போட வேண்டும், வருமானம் வந்தால் குழுவினர் எல்லாருக்கும் சம பங்கு தர வேண்டும்."

ஆலங்குளத்தான்:
விழாக் கமிட்டி இதைப் பார்த்தால் வேறு செட்டுக்குப் போய்விடும், தம்பி. வீட்டுக்கு வீடு ஊர்வரி பிரித்துக் கோயில் நடத்துகிறவர்கள் வக்கீல் தாளைக் கண்டால் மிரளுவார்கள்.

வீசுகோல்:
எல்லாச் செட்டும் அதே வரியைக் கேட்டால் எங்கே போவார்கள்? நீங்கள் உங்கள் ஊர்க் கமிட்டியில் இருக்கிறீர்கள்தானே, அண்ணாச்சி. சித்திரைக் கொடைக்கு முதல் தாளில் நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். மற்ற ஊர்களிடம் பேச எனக்கு அது போதும்.