மறு: எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். எஸ்க்யூஎல் என்பது தரவுத்தளத்தோடு பேசும் மொழி. அதில் எழுதிய வரிக்குள் வெளியாள் தன் கட்டளையை நுழைத்துவிடும் தாக்குதலுக்குத்தான் இங்கே பெயர் தேடுகிறோம்.

> 'எஸ்க்யூஎல் ஊசி' என்றே பல இடங்களில் எழுதிவிட்டார்கள். இனி மாற்ற முடியுமா?

மாற்றித்தான் ஆக வேண்டும். சென்ற மாதம் மாணவர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தேன். திரையில் 'ஊசிப் பாதிப்பு' என்று வந்ததும், கடைசி வரிசையிலிருந்து "காய்ச்சல் வருமா சார்?" என்று ஒரு குரல். அப்புறம் வகுப்பு என் கையில் இல்லை. 'உட்செலுத்தல்' பரவாயில்லை, ஆனால் அதுவும் மருந்து வாடைதான்.

சொல்லை விடுங்கள், நடப்பதைப் பார்ப்போம். உள்நுழைவுப் பக்கத்துக்கு நிரலர் எழுதிய வினவலில் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) இப்படி ஒரு துண்டு (கட்டளைச் சொற்களை நானே தமிழாக்கியிருக்கிறேன்):

பெயர் = '____'

கோடிட்ட இடத்தில் முருகன் என்று வந்தால் முருகனைத் தேடும். ஒருவர் ' அல்லது '1'='1 என்று தட்டுகிறார். இப்போது வரி இது:

பெயர் = '' அல்லது '1'='1'

ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம். அட்டவணையில் உள்ள அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். எது நிரலர் எழுதியது, எது வந்தவர் எழுதியது என்று தரவுத்தளத்துக்குத் தெரியாது. ஒரே கை எழுதிய வரியாகத்தான் அது படிக்கிறது.

இதற்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர் உண்டு: இடைச்செருகல். கம்பராமாயண ஏட்டில் யாரோ பாடிச் சேர்த்த விருத்தம், படிப்பவருக்குக் கம்பன் வாக்காகவே ஒலிக்கும். பிற்காலப் பதிப்பாசிரியர்கள் மெனக்கெட்டு அவற்றைப் பிரித்து 'மிகைப் பாடல்கள்' என்று தனியே வைத்தார்கள். அதே திருட்டுத்தனம்தான், ஓலைக்குப் பதில் உலாவி.

வினவல் இடைச்செருகல், கட்டளை இடைச்செருகல் என்று குடும்பமாகவும் வரும். வலைப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் 2021இல் வெளியிட்ட ஆபத்துப் பட்டியலில் எக்ஸ்எஸ்எஸ் என்ற வலைப்பக்கத் தாக்குதலையும் இந்த இனத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். அதுவும் பக்கத்தின் நடுவே அந்நிய நிரலைச் செருகுவதுதானே.

> நல்ல சொல். ஆனால் அண்ணா, புதுப் பதிவு சேர்க்கும் 'இன்சர்ட்' கட்டளையை 'செருகு' என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். விசைப்பலகையிலும் செருகு. பிளகினுக்குச் செருகுநிரல். மாணவர் குழம்ப மாட்டாரா?

நியாயமான கேள்வி, தங்கை. அதனால்தான் 'இடை'யை விடக்கூடாது என்கிறேன். 'வினவல் செருகல்' என்று சுருக்கினால் கெட்டது, புதுப் பதிவு சேர்ப்பதாகத் தோன்றும். செருகுவது உரிமை உள்ளவர் செய்வது. இடைச்செருகல் என்றாலே அடுத்தவர் எழுத்தில் கள்ளத்தனமாக நுழைத்தது என்ற பொருள் நம் காதில் ஏறியிருக்கிறது. 'புகுத்தல்' என்ற சொல்லில் அந்தக் கள்ளம் இல்லை.

தடுப்பு முறைக்கும் சொல் தேவை. வினவலின் அமைப்பை முதலிலேயே தரவுத்தளத்திடம் கொடுத்துவிட்டு, மதிப்புகளைப் பின்னால் தனியே அனுப்புகிறோம் அல்லவா? மேற்கோள் குறி வந்தாலும் அது வெறும் எழுத்துதான், கட்டளை ஆகாது. 'முன்னமைத்த வினவல்' என்று எழுதிவருகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

பேலோடு, அதாவது தாக்குபவர் தட்டும் அந்தத் துண்டு, அதற்குச் சொல் இன்னும் பாக்கி. நான் 'செருகுசரம்' என்று வைத்திருக்கிறேன். வேறு நல்லது இருந்தால் சொல்லுங்கள், 'பளு' மட்டும் வேண்டாம்.

அன்புடன்.