‘குறிஞ்சித்தேன்’ பிற்பகுதி உங்களுக்கும் விலகி நின்றதா?

கோத்தகிரி வாசகி:
சென்ற மழைக்காலத்தில் இரண்டு நாவல்களை அடுத்தடுத்துப் படித்தேன். ஒன்று, ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ (1963). மற்றொன்று, பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய ‘எரியும் பனிக்காடு’.

நான் நீலகிரியில் படுகர் ஹட்டியில் (ஊரில்) பிறந்தவள். கணவரின் மின்துறைப் பணியால் மலைக்கு வந்து தங்கிய ராஜம் கிருஷ்ணன், படுகர்களான எங்கள் வாழ்வை எவ்வளவு அறிந்திருக்க முடியும் என்ற ஐயத்துடனேயே முதல் நாவலைத் திறந்தேன். சிறுவன் ஜோகி தெய்வப்பணிக்காக வீட்டைப் பிரிந்து போகும் இடத்தில் அந்த ஐயம் நீங்கிவிட்டது. எருமைகளும் சாமைக் காடும் அணையாத நெருப்பும் வேடிக்கைப் பொருள்களாக இல்லாமல், ஒரு பிள்ளையின் அன்றாடமாகவே வருகின்றன. அந்தப் பக்கங்களை நான் இரண்டு முறை படித்தேன். ஆனால் தேயிலையும் மின்திட்டமும் வந்த பிறகு மனிதர்கள் பின்னே போய், மாற்றங்களே முன்னால் நிற்பதாகத் தோன்றுகிறது. இது நாவலின் குறையா, அல்லது அந்த மாற்றத்தைப் பார்க்க விரும்பாத என் மனத்தின் குறையா? படித்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கூடலூர் வாசகர்:
அக்கா, எனக்குப் பிற்பகுதியில் விலகல் தோன்றவில்லை; நான் தேயிலைக்குள்ளேயே பிறந்தவன் என்பதும் காரணமாக இருக்கலாம். ‘குறிஞ்சித்தேன்’ மாந்தர்களுக்குச் சொந்த நிலம் இருக்கிறது. அதில் எதைப் பயிரிடுவது என்று குடும்பத்துக்குள் வாதிட முடிகிறது. ‘எரியும் பனிக்காடு’ கருப்பனையும் வள்ளியையும் அப்படி யாரும் கேட்பதில்லை. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி கொடுத்த முன்பணம் அவர்களைத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆனைமலைக்கு இழுத்துச் செல்கிறது. அடைக்க அடைக்க அந்தக் கடன் தீர்வதில்லை. எழுதியவர் தோட்டங்களில் பணியாற்றிய மருத்துவர் என்பதால், காய்ச்சலும் குளிரும் அதில் நோயாளியின் படுக்கையருகே நின்று பார்த்தவை போல இருக்கின்றன.

என் தாத்தா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி, இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். சில அத்தியாயங்களை அவருக்கு வாசித்துக் காட்டினேன். மேஸ்திரி என்று வரும் இடங்களில் எல்லாம் “கங்காணி என்று சொல்” என்று திருத்தினார். தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் விடியலில் பெயர் கூப்பிடுவதைப் பற்றி, நாவலில் இல்லாத பலவற்றை அன்றுதான் முதன்முறையாகச் சொன்னார்.

கொடைக்கானல் வாசகர்:
அம்மா, உங்களுக்குத் தோன்றிய விலகல் நாவலில் இருக்கவே செய்கிறது என்பது என் கருத்து. 2018இல் இங்கே குறிஞ்சி பூத்திருந்தபோது இதைப் படித்தேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பதையே காலக்கணக்காகக் கொண்ட மக்களின் கதை என்பதால், முற்பகுதியின் நிதானம் அந்தப் பூவின் நிதானமாகவே எனக்குப் பட்டது. பிற்பகுதியின் சிக்கல் வேறு. நீலகிரியின் குந்தா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1960இல். நாவல் வந்தது 1963இல். ஜோகியின் குழந்தைப் பருவம் ஊரார் பலமுறை நினைத்துப் பார்த்துச் சொன்ன பழைய நாள். அணையோ ஆசிரியரின் கண்ணெதிரே எழுந்துகொண்டிருந்தது. அதனால் யார் என்ன ஆனார்கள் என்பது ஊராருக்கே அப்போது தெரிந்திருக்காது. அங்கே பாத்திரங்கள் நிகழ்ச்சிகளைத் தாங்கி நிற்க வேண்டியதாகிவிட்டது. ஆயினும் அந்தப் பகுதியை அவர் எழுதாமல் விட்டிருந்தால், நாவல் இழந்த காலத்துக்கான ஏக்கமாக மட்டும் நின்றிருக்கும்.

கோத்தகிரி வாசகி:
இருவருக்கும் நன்றி. மின்நிலையத்துக்கும் நாவலுக்கும் இடைவெளி மூன்றே ஆண்டுகள் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. பெண்களின் மனம் பிற்பகுதியில் இன்னும் விரிவாகச் சொல்லப்பட்டிருக்கலாம் என்பதில் மட்டும் என் எண்ணம் மாறவில்லை. கூடலூர்த் தம்பி தாத்தாவுக்கு வாசித்துக் காட்டியதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. எங்கள் சாமைக் காட்டைத் தேயிலையாக மாற்றியவர் என் தந்தை. அந்த அத்தியாயங்களை இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் அவருக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.