தினமும் நீர் பாய்ச்சியும் கிரீனில் வறண்ட திட்டுகள்: உதவி தேவை

கேள்வி

கோல்ஃப் மைதானம் ஒன்றின் புல்தரைப் பராமரிப்பைக் கவனித்து வருகிறேன். மணல் அடித்தளத்தில் அமைந்த ஒரு கிரீனில் (குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய பரப்பு), நாள்தோறும் அதிகாலையில் ஸ்பிரிங்க்ளர் ஓடியும், உள்ளங்கையளவில் தொடங்கிய பழுப்புத் திட்டுகள் இப்போது பாய் விரித்த அளவுக்குப் பரவிவிட்டன. அதே கிரீனின் தாழ்ந்த ஓரத்திலோ கால் வைத்தால் நீர் கசிகிறது. புல்லை 3 மி.மீ. உயரத்தில் வெட்டுகிறோம். நீர்ப்பிடிப்பைக் கூட்டுவதற்கு வண்டல் மண்ணைத் தூவலாமா?

முதல் மறுமொழி

வண்டலைத் தயவுசெய்து தூவ வேண்டாம். அதன் நுண்துகள்கள் மணலின் இடைவெளிகளை அடைத்து மேலே ஒரு மூடியாகிவிடும். பிறகு அதை எடுப்பது பெரும்பாடு. முதலில், வறண்ட திட்டிலிருந்து, மண்ணில் குத்தி எடுக்கும் குழாயால் ஓர் உருளை மாதிரி எடுத்து, நிழலில் நன்கு உலர்த்திப் படுக்கவைத்து, புல்லின் அடியிலிருந்து சென்டிமீட்டருக்கு ஒரு சொட்டாக நீர் விட்டுப் பாருங்கள். 5 விநாடிக்குள் உறிஞ்சினால் குறையில்லை. 60 விநாடியைத் தாண்டியும் சொட்டு நின்றால், அங்குள்ள மணல் நீரை வலுவாக விலக்குகிறது என்று பொருள்.

கேட்டவர்

செய்து பார்த்தேன். மேல் 3 செ.மீ. வரை சொட்டுகள் தாமரை இலையில் உருள்வதுபோல் நிமிடக்கணக்கில் நின்றன. அதற்குக் கீழே உடனே இறங்கிவிட்டன. புல்லுக்கு அடியில் பஞ்சுபோன்ற தாட்ச் (முழுதும் மட்காத தண்டு, வேர்களின் அடுக்கு) ஏறத்தாழ 20 மி.மீ. இருக்கிறது. 6 செ.மீ. ஆழத்தில் கறுப்பாக ஒரு கோடும் தெரிகிறது.

முதல் மறுமொழியாளர்

உங்கள் இரண்டு தொல்லைகளுக்கும் வேர் ஒன்றுதான். வேரும் தண்டும் மட்கும்போது உண்டாகும் கரிமப்பொருள் மணல்துகள்களின் மேல் மெழுகுபோலப் படிகிறது. ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் அந்த மணல் நீரை ஏற்க மறுக்கிறது. ஏற்கப்படாத நீர் சரிவில் வழிந்து தாழ்ந்த ஓரத்தில் தேங்குகிறது. தாட்ச் 12 மி.மீ.க்கு மேல் தடித்தாலே கவலைப்பட வேண்டும். நாள்தோறும் சிறிதளவு பாய்ச்சுவதால் நீர் அந்தப் பஞ்சிலேயே தங்கிவிடுகிறது, வேர்களும் அங்கேயே சுருண்டு கிடக்கின்றன.

புல் வேகமாக வளரும் பருவத்தில், உள்ளீடற்ற குழல்முனைகள் கொண்ட ஏரேட்டரால் துளையிட்டு, வெளிவரும் மண்ணுருளைகளை அகற்றி, கிரீனில் உள்ள அதே பருமனான மணலால் துளைகளை விளிம்புவரை நிரப்புங்கள். அதுவரை திட்டுகளுக்கு மட்டும், மணல் நீரை ஏற்கச் செய்யும் ஈரமூட்டி மருந்தைத் தெளித்து, உடனே நீர் விட்டு உள்ளே இறக்குங்கள். மருந்து மட்டும் போதும் என்று இருந்துவிட்டால் திட்டுகள் திரும்ப வரும்.

இரண்டாம் மறுமொழி

நான் அந்தக் கறுப்புக் கோட்டைத்தான் முதலில் கவனிப்பேன். முன்பு எப்போதோ வேறு பருமனுள்ள மணலைத் தூவியிருப்பார்கள், அல்லது பழைய தாட்ச் அதில் புதைந்திருக்கும். துகளின் பருமன் சட்டென்று மாறும் இடத்தில் நீர் தயங்கி நிற்கும். அமெரிக்க கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ. 1960-இல் முதலில் வெளியிட்ட கிரீன் அமைப்புமுறை, 30 செ.மீ. மணலைச் சரளைக்கு மேல் பரப்பி, இதே இயல்பை வேர்களுக்கு நீர் நிறுத்திவைக்கத் திட்டமிட்டே பயன்படுத்துகிறது. ஆனால் 6 செ.மீ.யில் அது நிகழ்ந்தால் வேர் அழுகும். குழல்முனைகள் அந்தக் கோட்டைக் கடந்து 8 முதல் 10 செ.மீ. வரை இறங்க வேண்டும். பாதியில் நின்றால் செய்த வேலை வீண். வெட்டும் உயரத்தையும் அரை மி.மீ. கூட்டுங்கள். பந்தின் வேகம் சற்றுக் குறையும் என்று ஆட்டக்காரர்கள் முணுமுணுப்பார்கள், பொறுத்துக்கொள்ளலாம்.

கேட்டவர்

வண்டல் யோசனையைக் கைவிட்டோம். எங்கள் குழல்முனைகளை அளந்தால் 5 செ.மீ.தான் இருக்கின்றன, நீளமானவற்றுக்குச் சொல்லியிருக்கிறோம்.