விளையாடும்போது கம்ப்யூட்டர் சூடாகித் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, பேஸ்ட் மாற்றியும் தீரவில்லை

ராத்திரிஆட்டம்:
வணக்கம். மூன்று வாரமாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். விளையாட ஆரம்பித்து இருபது, இருபத்தைந்து நிமிடம் ஒழுங்காகப் போகும். அப்புறம் திடீரென்று திரை கறுத்து, கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் பிழை காட்டும் நீலத்திரை வருவதில்லை, எந்த அறிவிப்பும் இல்லை. பாட்டுக் கேட்டாலோ வேலை பார்த்தாலோ நாள் முழுக்க ஓடுகிறது.

உள்ளே இருப்பவை: ரைசன் 7 5800எக்ஸ் சிபியு, ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ராம், 750 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி), சிபியுவுக்கு ஏர் கூலர். எல்லாம் நான்கு வருடப் பழசு.

சிபியு 90 டிகிரியைத் தொட்டதைப் பார்த்துப் பயந்துபோய்த் தூசி தட்டினேன், சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றினேன். இப்போது 76-ஐத் தாண்டுவதில்லை. ரீஸ்டார்ட் மட்டும் போகவில்லை. அடுத்து எதைப் பார்ப்பது?

பிக்சல்பூச்சி:
கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? நான் ஒருமுறை அதை மறந்து, ஒரு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். சிரிக்காதீர்கள்.

ராத்திரிஆட்டம்:
உரித்துவிட்டேன் ப்ரோ.

திருப்புளி:
76 டிகிரியில் ஓடுகிறது என்றால் பேஸ்ட்டில் குறை இல்லை. அந்தக் கதையை விடுங்கள்.

5800எக்ஸுக்கு வெப்ப வரம்பே 90 டிகிரிதான். அதைத் தொட்டால் சிபியு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளையாட்டு திக்கும், அவ்வளவுதான். கார்டும் அப்படித்தான், 3080-க்கு வரம்பு 93. வரம்பையும் மீறிச் சூடு ஏறினால் பெரும்பாலும் மெஷின் ஒரேயடியாக அணைந்து கிடக்கும். உங்களுடையது அணையாமல் உடனே எழுந்துவிடுகிறது. எனக்கு இடிப்பது அங்கேதான்.

இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் அந்த நேரத்தில் என்ன பதிவாகியிருக்கிறது? கெர்னல்-பவர் 41 மட்டும் இருந்தால் "முறையாக ஷட்டவுன் ஆகவில்லை" என்பதற்கு மேல் அதில் செய்தி இல்லை. பெயரில் பவர் என்று இருப்பதால் கரன்ட் பிரச்சினை என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள், அது தவறு. கூடவே டபிள்யூஹெச்இஏ-லாகர் என்ற ஹார்ட்வேர் பிழை இருந்தால் சிபியு, ராம் பக்கம் சந்தேகப்படலாம்.

இரண்டு, வெப்ப அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பதிவை ஓடவிட்டு விளையாடுங்கள். ரீஸ்டார்ட் ஆன பிறகு அந்தக் கோப்பின் கடைசி வரியில் இருப்பதை இங்கே போடுங்கள்.

ராத்திரிஆட்டம்:
41 மட்டும்தான் இருக்கிறது. கடைசி வரி: சிபியு 74, கார்டு 77, ஹாட்ஸ்பாட் (கார்டின் சிப்பில் மிகச் சூடான இடம்) 95, கார்டின் மெமரி 102. இந்த 102 பயமாக இருக்கிறதே?

திருப்புளி:
3080-இல் இருப்பது ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி, 110-இல்தான் வேகத்தைக் குறைக்கும். 102 அழகான எண் இல்லைதான், ஆனால் உங்கள் ரீஸ்டார்ட்டுக்கு அது காரணம் இல்லை. சிபியுவும் வேண்டாம், கார்டும் வேண்டாம், எஸ்எம்பிஎஸ் பக்கம் போவோம்.

3080 சராசரியாக 320 வாட் இழுக்கும். ஆனால் சில மில்லிசெகண்ட் நேரத்துக்கு அதைவிட வெகுவாக எகிறும், மானிட்டரிங் மென்பொருளில் அது தெரியாது. அந்த நொடியில் எஸ்எம்பிஎஸ் தடுமாறி வோல்டேஜ் இறங்கினால், "பவர் சரியாக இருக்கிறது" என்று மதர்போர்டுக்குப் போகும் சிக்னல் அறுந்து போர்டு ரீசெட் ஆகும். நீலத்திரை போட விண்டோஸுக்கு நேரமே கிடைக்காது.

ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை (அது இழுக்கும் வாட்டின் உச்சவரம்பை) 70 சதவீதத்துக்கு இறக்கி இரண்டு மணி நேரம் விளையாடிப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை. அப்படியே, கார்டுக்கு ஒரே கேபிளில் இரண்டு தலை வருகிறதா, இரண்டு தனிக் கேபிள்களா என்றும் பாருங்கள்.

பிக்சல்பூச்சி:
இவ்வளவு எதற்கு? 850 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கிப் போட்டால் தீர்ந்தது.

திருப்புளி:
தீரலாம், தீராமலும் போகலாம். 3080-க்கு என்விடியா பரிந்துரைப்பதே 750 வாட்தான். முதலில் சோதனை, பிறகு செலவு.

ராத்திரிஆட்டம்:
70 சதவீதத்தில் மூன்று மணி நேரம் ஓடியது, ஒரு ரீஸ்டார்ட்கூட இல்லை! நீங்கள் சொன்னதுபோல ஒரே கேபிளின் இரண்டு தலைகளைத்தான் செருகியிருந்தேன். தனித்தனிக் கேபிளாக மாற்றி 100 சதவீதத்துக்கு ஏற்றினேன். ஆனால் 50 நிமிடத்தில் மறுபடி போய்விட்டது.

குளிர்காற்று:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். 25 நிமிடம் 50 ஆனது என்றால் ஏதோ ஒன்று மெதுவாகச் சூடேறுகிறது. சென்சார் இல்லாத பாகம் எது? எஸ்எம்பிஎஸ். பெரும்பாலானவை தங்கள் வெப்பத்தை எந்த மென்பொருளுக்கும் சொல்வதில்லை. சூடேறினால் அதன் தாங்கும் திறனும் குறையும். உங்களுடையது கேபினெட்டின் அடியில், ஃபேன் கீழ்நோக்கி இருக்கிறதா? அப்படியானால் கேபினெட்டைச் சாய்த்து அடியில் இருக்கும் வலையைப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறந்துவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் கரன்ட் நிற்கும்.

ராத்திரிஆட்டம்:
அடியில் வலை இருப்பதே இன்றுதான் எனக்குத் தெரியும். உருவி எடுத்தால் வலை கண்ணுக்கே தெரியவில்லை, சாம்பல் நிறக் கம்பளி மாதிரி ஒன்று வந்தது. அதைவிடக் கூத்து, கேபினெட்டைத் தரைவிரிப்பின் மேல் வைத்திருந்தேன். கால்கள் புதைந்து, அடியில் விரல் நுழைய இடமில்லை. வலையைக் கழுவிக் காயவைத்து மாட்டிவிட்டு, கேபினெட்டை ஒரு பலகைமேல் ஏற்றினேன்.

திருப்புளி:
மூன்று வாரம் தூசி தட்டியவர் அந்தப் பக்கம் மட்டும் போகவில்லை! நானும் அதைக் கேட்டிருக்க வேண்டும். பவர் லிமிட் 100-இலேயே இருக்கட்டும், ஒரு வாரம் ஓட்டிவிட்டுச் சொல்லுங்கள். மறுபடி வந்தால், வேறு எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்க்கலாம்.

ராத்திரிஆட்டம்:
ஒன்பது நாள் ஆகிவிட்டது. 100 சதவீதம், நேற்று மட்டும் ஐந்து மணி நேரம். ஒருமுறைகூட ரீஸ்டார்ட் ஆகவில்லை. குளிர்காற்று, திருப்புளி இருவருக்கும் நன்றி. பிக்சல்பூச்சி, உங்கள் 850 வாட் காசு மிச்சம்.

பிக்சல்பூச்சி:
இதைப் படித்துவிட்டு என் கேபினெட்டைச் சாய்த்துப் பார்த்தேன். அங்கேயும் கம்பளிதான்.