ஓவர்ஸ்டியருக்குத் தமிழ்ச்சொல்: ‘மிகைத்திருப்பம்’ சரியா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பின்சக்கர இயக்கமுள்ள ஸ்போர்ட்ஸ் காரை வெண்பனியில் ஓட்டுவது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கிளட்ச், கியர், பிரேக், டயர் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டேன். அவை தமிழாகி வெகுகாலமாயிற்று. முட்டிக்கொண்டு நிற்பது இரண்டே சொற்களில்: வளைவில் வண்டியின் பின்பக்கம் வெளியே நழுவும் ஓவர்ஸ்டியர், முன்பக்கம் திரும்பாமல் நேராகப் போகும் அண்டர்ஸ்டியர்.

முதலில் ‘மிகைத்திருப்பம்’, ‘குறைத்திருப்பம்’ என்று போட்டேன். இலக்கணமாக இருக்கிறது, இணையாகவும் நிற்கிறது என்று கொஞ்சம் பெருமைகூட. பிறகு ஒரு வரி எழுதினேன்: “குறைத்திருப்பம் நேர்ந்தால் ஸ்டீயரிங்கை மேலும் திருப்பாதீர்கள்.” மெய்ப்புப் பார்த்த என் மனைவி பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டாள்: “குறைச்சலாத்தான் திரும்புதுன்னா இன்னும் கொஞ்சம் திருப்பத்தானே வேணும்?”

பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் பனியில் புதியவர் செய்யும் முதல் தவறே அதுதான். முன்சக்கரங்கள் பிடிமானத்தை இழந்துவிட்டன. வண்டி வளைவை விட்டு நேராகப் போகிறது. பதறிப்போய் ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிக்கிறார். முன்டயர்கள் குறுக்கே நின்று பனியை வழிக்கின்றனவே தவிர, திரும்புவதில்லை. செய்ய வேண்டியது நேர்மாறானது: முடுக்கியை விட்டு, திருப்பியதைச் சற்றுத் தளர்த்தி, டயர் மறுபடி உருளத் தொடங்கும்வரை பொறுப்பது. நான் ஆக்கிய சொல்லோ ‘இன்னும் திருப்பு’ என்று காதில் ஓதுகிறது. கையைத் தவறான பக்கம் இழுக்கும் சொல் கலைச்சொல்லாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து?

* * *

மறு: ஓவர்ஸ்டியருக்குத் தமிழ்ச்சொல்

அண்ணா, ஓவர்ஸ்டியர் என்றே எழுதிவிடுங்களேன். கிளட்சுக்கு இடம் கொடுத்தவர் இதற்கு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? கார் பைத்தியங்களுக்குப் புரியும், மற்றவர்களுக்கு எப்படியும் தேவையில்லை.

* * *

மறு: மறு: ஓவர்ஸ்டியருக்குத் தமிழ்ச்சொல்

தம்பி, கிளட்ச் கையால் தொட்டுக் காட்டக்கூடிய பொருள். காட்டினால் போதும், பெயர் எந்த மொழியில் இருந்தாலும் ஒட்டிக்கொள்ளும். இது அப்படியல்ல. அரை நொடியில் வந்து போகிற ஒரு நிலை. சொல்லைக் கேட்டதும் என்ன நடக்கிறது என்று மனத்தில் படம் விழாவிட்டால் அந்தச் சொல்லால் பயனில்லை. ‘ஸ்டியர்’ என்ற ஆங்கில வினைச்சொல்லே தெரியாதவருக்கு ஓவர்ஸ்டியர் வெறும் ஓசை.

* * *

மறு: ஓவர்ஸ்டியருக்குத் தமிழ்ச்சொல் – ஒரு தடை

வணக்கம். வண்டி இயக்கவியலில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் சில வார்த்தை.

‘மிகை’, ‘குறை’ இரண்டையும் அவசரப்பட்டுத் தூக்கி எறிய வேண்டாம். டயர் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் உண்டு. வளைவில் போகும் எல்லா வண்டியிலும் உண்டு, உலர்ந்த சாலையிலும் உண்டு. பின்டயர்களின் கோணம் முன்டயர்களுடையதைவிடக் கூடினால் ஓவர்ஸ்டியர், குறைந்தால் அண்டர்ஸ்டியர். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த மாரிஸ் ஆலியின் ஆய்வுகளோடு நிலைபெற்ற சொற்கள் இவை. பொறியாளருக்கு இது வண்டியின் இயல்பு, விபத்து அல்ல. பிடிமானம் துளியும் இழக்காத வண்டியையும் ‘சற்றே அண்டர்ஸ்டியர் உடையது’ என்போம். தெருவில் ஓடும் பெரும்பாலான கார்களை அப்படித்தான் வேண்டுமென்றே அமைக்கிறார்கள்.

ஆகவே உங்கள் மனைவியார் சொன்னது ஓட்டுநருக்குச் சரி. வரைபடம் போடுகிறவருக்குச் சரியில்லை. ஒரு சொல்லில் இரண்டையும் அடைக்கப் பார்க்கிறீர்கள்.

இன்னொன்று. கையேட்டில் பின்சக்கர இயக்கத்தைப் ‘பின்னுந்து’ என்று எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள். பேருந்து, சரக்குந்து, மகிழுந்து எல்லாம் வந்த பிறகு ‘உந்து’ வண்டிக்கே பெயராகிவிட்டது. பின்னுந்து என்றால் பின்னால் வரும் லாரி என்று நினைப்பார்கள்.

* * *

மறு: மறு: ஓவர்ஸ்டியருக்குத் தமிழ்ச்சொல் – ஒரு தடை

ஐயா சொல்றது எனக்குப் பாதி புரிஞ்சது. நான் வரைபடம் போடுறவ இல்ல, ஓட்டுறவ. ரெண்டு பேர் உட்கார்ற பின்சக்கர வண்டியில ஆறு பனிக்காலம் ஓட்டியிருக்கேன். அதுல எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், சொல்லை நீங்க பிடிச்சுக்கோங்க.

முதல் வருஷம் கோடை டயரோடயே பனியில இறங்கினேன். 7 டிகிரிக்குக் கீழ போனாலே அந்த ரப்பர் விறைச்சுப் போயிடும், பனியே வேண்டாம். அதுவும் ஸ்போர்ட்ஸ் கார் டயர் அகலம் வேற; பனியை வெட்டி அடியில இறங்காம மேலயே மிதக்கும். அடுத்த வருஷம் குளிர்கால டயர் வாங்கினப்போ ஒரு அளவு குறுகலாவே வாங்கினேன். பக்கவாட்டுல மூணு சிகர மலையும் அதுக்குள்ள ஒரு பனித்துகளும் போட்டிருக்கான்னு பார்த்துத்தான் வாங்கணும். அதே வண்டி, அதே ஆள், ஆனா வேற பிறவி மாதிரி இருந்துச்சு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். முன்சக்கர இயக்கத்துல முன்டயர் இழுக்குது, நீங்க எந்தப் பக்கம் திருப்புறீங்களோ அந்தப் பக்கம். எஞ்சின் கனமும் அதுங்க தலைமேலதான். நம்ம வண்டியில பின்டயர் தள்ளுது. ஒரு டயருக்கு மொத்தமா இவ்வளவுதான் பிடின்னு ஒரு கணக்கு இருக்கு. அதை முன்னுக்குத் தள்ளவே செலவழிச்சிட்டா, பக்கவாட்டுல நழுவாம நிக்கறதுக்கு ஒண்ணும் மிச்சமிருக்காது. வளைவுல கொஞ்சம் மிதிச்சாப் போதும், முதுகுப் பக்கம் யாரோ தோளைப் பிடிச்சுத் தள்ளின மாதிரி இருக்கும். கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே இடுப்புக்குத் தெரிஞ்சிடும்.

மிதிச்சாத்தான் வரும்னு இல்ல. பயந்துபோய் முடுக்கியிலிருந்து காலைச் சட்டுன்னு எடுத்தாலும் வரும். கனம் முன்னால சாயுது, பின்டயர் லேசாகுது. கீழ் கியர்ல இருந்தா எஞ்சின் வேற பின்சக்கரத்தை மட்டும் பிடிச்சு நிறுத்தப் பாக்குது. அப்போ கிளட்சை மிதிச்சுப் பின்சக்கரத்தைச் சும்மா உருள விடணும், பின்பக்கம் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பணும், கண்ணு மட்டும் போக வேண்டிய இடத்துல இருக்கணும். வண்டி நேரான உடனே திருப்பினதைத் திரும்ப எடுத்துடணும். தாமதிச்சா அடுத்த பக்கம் அடிக்கும். முதல் அடியைவிட ரெண்டாவது அடி மோசம்.

எங்க வாயில இதுக்கு ஒரே பேச்சுதான்: “வால் போச்சு.” மிகையும் இல்ல, குறையும் இல்ல.

* * *

மறு: ‘வால் போச்சு’

அக்கா, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஓட்டுநருக்கு வேண்டிய சொல் ‘எவ்வளவு திரும்பியது’ என்று சொல்லக் கூடாது. ‘எந்த முனை பிடியை விட்டது’ என்று சொல்ல வேண்டும். மருந்து அதைப் பொறுத்துத்தான் மாறுகிறது. முன் போனால் ஒன்று, பின் போனால் வேறொன்று.

அப்படியானால் வினை எது? வழுக்கு, சறுக்கு இரண்டும் இருக்கின்றன. ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒரு வேறுபாடு உண்டு. வழுக்குமரம் ஏறுகிறவன் நழுவ விரும்புவதில்லை. சறுக்குமரத்தில் ஏறுகிற குழந்தை நழுவுவதற்காகவே ஏறுகிறது. தமிழே பிரித்து வைத்திருக்கிறது. வேண்டாமல் நேர்வது வழுக்கு, வேண்டிச் செய்வது சறுக்கு. வேண்டுமென்றே பின்பக்கத்தைக் குறுக்கே விட்டு, முடுக்கியாலும் ஸ்டீயரிங்காலும் தாங்கிப் பிடித்து ஓட்டுகிறார்களே, அந்த டிரிஃப்டைச் ‘சறுக்கோட்டம்’ என்போம். நமக்குத் தெரியாமல் நேர்ந்தால் ‘பின்வழுக்கு’. மூக்கு நேராகப் போனால் ‘முன்வழுக்கு’.

ஐயாவின் தடையையும் ஏற்கிறேன். பொறியியல் நூலில் மிகைத்திருப்பம், குறைத்திருப்பம் இருக்கட்டும். ஓட்டுநர் கையேட்டில் வழுக்குகள்.

* * *

மறு: மறு: ‘வால் போச்சு’

சமரசத்துக்கு நன்றி. ஆனால் இரண்டு ஓட்டைகள்.

முதலாவது, “யானைக்கும் அடி சறுக்கும்.” எந்த யானையும் வேண்டிச் சறுக்குவதில்லை. உங்கள் பாகுபாடு அழகுதான், ஆனால் பழமொழி உங்கள் பக்கம் இல்லை. ‘சறுக்கோட்டம்’ என்பதில் ‘ஓட்டம்’ சேர்ந்திருப்பதால் வேண்டிச் செய்வது என்ற பொருள் கிடைக்கிறது. வெறும் சறுக்கலால் அல்ல. சொல் தப்பிவிடும், காரணத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ‘பின்’ என்பது இடமும் காலமும். முன்பனி, பின்பனி என்று பருவங்களைச் சொன்னவர்கள் நாம். பனிக்கால ஓட்டம் பற்றிய நூலில் ‘பின்வழுக்கு’ என்றால் பனிக்காலத்தின் பிற்பகுதியில் வரும் வழுக்கல் என்று படிப்பவர் ஒருவராவது இருப்பார். அக்கா சொன்ன வாலையே எடுத்துக்கொள்ளுங்கள்: வால்வழுக்கு. வினையாகவும் வளைகிறது, ‘வண்டி வால்வழுக்கியது’ எனலாம். ‘மிகைத்திருப்பமடைந்தது’ என்று எழுதிப் பாருங்கள், வண்டி அதற்குள் பள்ளத்தில் இருக்கும்.

எதிர்முனைக்குத் ‘தலைவழுக்கு’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். என்னைப் போன்றோர் புண்படுவோம்.

வால்வழுக்கு, முன்வழுக்கு என்ற பாகுபாடு வேறோர் இடத்திலும் பொருந்துவதைக் கவனித்தேன். 1995இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் போஷ் கொண்டுவந்த மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, வளைவில் பின்பக்கம் வெளியே போனால் வெளிப்புற முன்சக்கரத்துக்கு பிரேக் பிடிக்கிறது. முன்பக்கம் வெளியே போனால் உட்புறப் பின்சக்கரத்துக்கு பிரேக் பிடிக்கிறது. அந்தக் கருவியும் எந்த முனை போனது என்றுதான் முதலில் பார்க்கிறது. ஆனால் இல்லாத பிடிமானத்தை அது உண்டாக்கித் தராது. உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு 0.8 அளவில், இறுகிய வெண்பனியில் 0.2, வழவழத்த பனிக்கட்டியில் 0.1 என்று வைத்துக் கணக்கிடுங்கள். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் முழு பிரேக் பிடித்தால் 12 மீட்டரில் நிற்கும் கார் வெண்பனியில் 49 மீட்டரும் பனிக்கட்டியில் 98 மீட்டரும் ஓடும். பிரேக்கை எட்டுவதற்கு முன் கடக்கும் தொலைவு தனி. கையேட்டில் இந்த மூன்று எண்ணையாவது பெரிய எழுத்தில் போடுங்கள், சொல் பிறகு.

* * *

மறு: மறு: மறு: ‘வால் போச்சு’

எண்களைச் சேர்த்துவிட்டேன் ஐயா. வால்வழுக்கு, முகவழுக்கு என்று வைத்திருக்கிறேன். காருக்கு முகம் உண்டு என்பதைச் சிறுபிள்ளையும் ஒப்புக்கொள்ளும். சறுக்கோட்டம் இருக்கிறது, அதற்கு நான் சொன்ன காரணத்தை யானைக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன்.

இரு கேள்விகள் மிச்சம். ‘பிளாக் ஐஸ்’ என்ற ஆங்கிலத்தைக் ‘கரும்பனி’ என்று அப்படியே பெயர்த்தால் கறுப்பாக ஏதோ கிடக்கும், பார்த்து ஓட்டலாம் என்று நம்பிவிடுவார்கள். அது கறுப்பல்ல, கண்ணாடி போன்ற மெல்லிய படலம், அடியில் உள்ள தார்தான் கறுப்பாகத் தெரிகிறது. ஆதலால் ‘கண்ணாடிப்பனி’. எதிர்ப்பு உண்டா?

அடுத்து, கௌன்டர்ஸ்டியர், அதாவது அக்கா சொன்னதுபோல வால் போகும் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்புவது. ‘எதிர்த்திருப்பு’ என்று எழுதினேன். எதற்கு எதிர்? வளைவுக்கு எதிரா, வால் போகும் பக்கத்துக்கு எதிரா? பின்னதாகப் புரிந்துகொண்டால் ஆள் காலி. மீண்டும் அதே கதை.

* * *

மறு: எதிர்த்திருப்பு

கண்ணாடிப்பனிக்கு என் ஓட்டு உண்டு.

எதிர்த்திருப்பைத் தூக்கிடுங்க. ‘வால்பக்கத் திருப்பு’ன்னு வைங்க, நீளமா இருந்தாலும் பரவாயில்ல. நேத்து என் தம்பிக்குக் காலியான ஒரு மைதானத்துல கத்துக் கொடுத்தேன், பனி நல்லா இறுகிக் கிடந்துச்சு. பயணத்துக்குப் போறப்போ பின்அச்சுக்கு நேர் மேல மணல்மூட்டை வைப்பேன், நேத்து அதையும் எடுத்துட்டேன், வண்டி சீக்கிரம் நழுவட்டும்னு. கிளம்பறது ரெண்டாவது கியர்ல, கிளட்சைப் பூ மாதிரி விட்டு. எஞ்சின் விசையை ரெண்டு பின்சக்கரத்துக்கும் பிரிச்சுக் கொடுக்குதே டிஃபரென்ஷியல், அதுல ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கிற வகை என்னோடது. கிளம்பறதுக்கு நல்லது. ஆனா ரெண்டும் ஒண்ணா சுத்த ஆரம்பிச்சிட்டா மொத்தப் பின்பக்கமும் ஒரேயடியா போயிடும். சாதா டிஃபரென்ஷியல்ல ஒரு சக்கரம் சுத்தும், இன்னொண்ணு சும்மா உருண்டு வாலைக் கொஞ்சம் பிடிச்சு வைக்கும். இதையும் கையேட்டுல போடுங்க, நிறையப் பேருக்குத் தெரியாது.

முதல் நாலு தடவை “பின்டயர் வழுக்குது, எதிர்ப்பக்கம் திருப்பு”ன்னு கத்தினேன். நான் முடிக்கிறதுக்குள்ள அவன் ஒரு முழுச்சுத்து சுத்தி முடிச்சிட்டான். அஞ்சாவது தடவை “வால்!”னு மட்டும் கத்தினேன். தோள்மேல திரும்பிக்கூடப் பாக்கல, கை தானா வால் பக்கம் போச்சு. சரியாப் பிடிச்சான்.

அடுத்த சுத்துல முகவழுக்கு. “முகம்!”னு கத்தினேன். அவன் என் முகத்தைத் திரும்பிப் பாத்தான். நேராப் போய் ஓரத்துல குவிச்சு வெச்சிருந்த பனிமேட்டுல ஏறிட்டோம். வண்டிக்குத்தான் தரைக்கும் அடிவயித்துக்கும் ஒரு சாண்கூட இல்லையே. வயிறு பனியில உட்கார்ந்து, நாலு சக்கரமும் அந்தரத்துல. அரை மணி நேரம் மண்வெட்டியோட வேலை.

முகத்தை மாத்துங்க. மூக்கு எப்படி? அப்படியே இந்த வயிறு உட்கார்றதுக்கும் ஒரு சொல் வேணும்.