சுவாப்ஹம் பிரையர் தேவாலயத்தின் போர் நினைவுச் சாளரங்கள்

கேள்வி: கேம்பிரிட்ஜ்ஷயரின் சுவாப்ஹம் பிரையர் சிற்றூரிலுள்ள இடைக்காலத் தேவாலயமான தூய மரியாள் ஆலயத்தில், முதல் உலகப் போர் நினைவாக அமைந்த வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் டாங்கியும் நீர்மூழ்கிக் கப்பலும் இடம்பெற்றது எப்படி?

மறுமொழி 1: அவற்றை வகுத்தவர் அவ்வூர் நிலக்கிழார் சார்லஸ் பீட்டர் அல்லிக்ஸ். புனித ஜார்ஜையோ தேவதூதரையோ நிறுத்துவதே அன்றைய வழக்கமாயிருக்க, அவர் ‘செப்பலின்’ எனப்படும் ஜெர்மானிய வான்கலம், பதுங்குகுழி, வெடிமருந்துத் தொழிற்சாலை ஆகியவற்றைத் தீட்டச் செய்து, ஒவ்வொன்றையும் ஒரு விவிலிய வசனத்தோடு இணைத்தார். பக்தியும் செய்திப்படமும் கலந்த இந்த விசித்திரம் எனக்கு அழகாகத் தோன்றவில்லை. ஆனால் மறக்க முடியவில்லை.

மறுமொழி 2: இறந்த வீரர்களின் உடல்களைத் தாயகம் கொண்டுவருவதில்லை என்று பிரிட்டன் முடிவு செய்திருந்ததால், கல்லறையற்ற குடும்பங்களுக்கு ஊர்த் தேவாலயமே துயரிடமாயிற்று என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேட்டவர்: நன்றி. அத்தனை நுணுக்கமான கோடுகள் கண்ணாடியில் எப்படி நிற்கின்றன?

மறுமொழி 1: உலோக ஆக்சைடும் கண்ணாடித் தூளும் கலந்த கரும்பழுப்பு மையால் வரைந்து சூளையில் சுடுவார்கள், மை கண்ணாடியோடு உருகி ஒன்றிவிடும். பிறகு துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைப்பார்கள்.